ஆரூரில் பிறக்காத நான்

"திருவாரூரில் பிறக்க முக்தி, தில்லையைத் தரிசிக்க முக்தி, காசியில் இறக்க முக்தி, அண்ணாமலையை நினைக்க முக்தி." சாயங்காலம் விளக்கேற்றும்போது எங்கள் பாட்டி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வரி இது. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். ஆனால் சின்ன வயதிலேயே இதில் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. தில்லைக்கு என்றைக்காவது ரயில் ஏறிப் போய்விடலாம். காசிக்கு வயதான காலத்தில் போய்ச் சேரலாம். அண்ணாமலையை இருந்த இடத்திலிருந்தே நினைத்துக்கொள்ளலாம். திருவாரூரில் பிறப்பது மட்டும் நம் கையில் இல்லை. நான் வேறு ஊரில் பிறந்துவிட்டேன், அவ்வளவுதான், அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. பாட்டியிடம் கேட்டபோது "அதெல்லாம் அப்படித்தான்டா, நீ போய்ப் பாரு, புரியும்" என்றார். போவதற்கு எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

முதல்முறை போனது ஆழித்தேர் பார்க்க. பங்குனி உத்திரத் திருவிழாவில், ஆயில்ய நட்சத்திரத்தில் தேர் ஓடுவதுதான் அங்கே மரபு. "திருவாரூர்த் தேரழகு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், படத்திலும் பார்த்திருக்கிறேன். கீழ வீதியில் நேருக்கு நேர் நின்றபோது எதுவும் உதவவில்லை. கீழே மரத்தேர், அதில் அடுக்கடுக்காகச் சிற்பங்கள், அதற்கு மேல் மூங்கிலைக் கட்டித் தேர்ச்சீலை சுற்றித் தொம்பைகளைத் தொங்கவிட்டு 96 அடிக்கு எழுப்பியிருக்கிறார்கள். எடை ஏறக்குறைய 300 டன். கோபுரம் ஒன்று எழுந்து நம்மைப் பார்த்து நடந்து வருவதுபோல இருந்தது. முன்னால் விநாயகர் தேரும் முருகன் தேரும் போய்விட்டன, பின்னால் அம்பாளும் சண்டிகேசுவரரும் வர வேண்டும். நடுவில் இவர் மட்டும் அசைய மாட்டேன் என்று நிற்கிறார். பின்னாலிருந்து இயந்திரங்கள் உந்துகின்றன, முன்னால் நான்கு வடங்களில் ஆயிரக்கணக்கான கைகள், "ஆரூரா! தியாகேசா!" என்ற கூச்சல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைபோலப் போய்த் திரும்பி வருகிறது. சட்டென்று ஒரு நொடியில் அந்த மலை அசைந்தது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்களே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. இத்தனை பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள் கட்டையை எந்தக் கோணத்தில் செருகுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வடத்தைப் பிடித்திருந்த ஒரு வயதான அம்மா திரும்பிப் பார்த்து, "வெளியூரா? சும்மா நிக்காதீங்க தம்பி, வடத்துல ஒரு கை வைங்க" என்றார். வைத்தேன். வடம் என் கையைவிடப் பல மடங்கு கனம், நான் இழுத்தேனா அது என்னை இழுத்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தேருக்கே ஒரு வரலாறு உண்டு. பழைய தேர் 1920களில் தீயில் போயிற்று. அடுத்து ஒன்று செய்து ஓட்டினார்கள், பிறகு அதுவும் நின்று பல வருடங்கள் தேரோட்டமே இல்லாமல் இருந்தது. 1970இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோதுதான் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்தது. கருணாநிதி பிறந்த திருக்குவளையும் இந்தத் தேரில் வருகிற தியாகராசரின் ஏழு தலங்களில் ஒன்று என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் அந்தத் தேரை ஓட வைத்தார், ஊர் அதை அன்போடு நினைவு வைத்திருக்கிறது.

சரி, தேரில் வருகிறவர் யார்? கோயிலின் மூலவர் வன்மீகநாதர், தமிழில் புற்றிடங்கொண்டார். அவருக்குப் பக்கத்துச் சந்நிதியில் இருப்பவர்தான் தியாகராசர், சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாக அமர்ந்த சோமாஸ்கந்த வடிவம். அவருடைய பழைய பெயர் வீதிவிடங்கர். உளி படாதது, தானாக உண்டானது என்பதால் விடங்கர். முன்னால் இருக்கிற "வீதி" என்ற சொல்தான் எனக்கு முக்கியம். கருவறைக்குப் பெயர்போன சாமிகள் எத்தனையோ உண்டு. இவருக்குத் தெருவே பெயராகியிருக்கிறது.

ஆனால் தெருவுக்கு வருகிறவரைப் பார்க்க முடியுமா என்றால், முடியாது. முகம் தெரியும். மற்றதெல்லாம் பூவாலும் பட்டாலும் மூடியிருக்கும். இரண்டு பக்கமும் வீரகண்டயம் என்கிற வாள்கள் நிற்கும். பாதம்கூட வருடத்தில் இரண்டு நாள்தான் காட்டுவார்கள், அதுவும் மார்கழித் திருவாதிரையில் ஒன்று, பங்குனி உத்திரத்தில் மற்றொன்று. இரண்டு பாதத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியாது. சிதம்பர ரகசியம் தெரிந்த அளவுக்குத் தியாகராச ரகசியம் வெளியே பேசப்படவில்லை. ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது ரத்தத்தில் இருக்கிறது.

மூடி வைத்ததற்குப் பின்னால் ஒரு அழகான கதை உண்டு. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமால் இந்த மூர்த்தியைத் தன் மார்பில் வைத்துப் பூசித்தார். அவர் மூச்சு விட விட, மார்பு ஏறி இறங்க, மேலே இருந்த சிவனும் ஏறி இறங்கினார். அதுதான் அஜபா நடனம். அஜபா என்றால் வாய்விட்டு ஜபிக்காத மந்திரம், உள்ளே போய் வெளியே வருகிற மூச்சு. இன்றைக்கும் தியாகராசர் சந்நிதியை விட்டுப் புறப்படும்போது, தூக்குகிறவர்கள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைந்து அசைந்துதான் எடுத்து வருவார்கள். தில்லையில் கூத்தன் காலைத் தூக்கி ஆடுகிறான், இங்கே உட்கார்ந்தபடி மூச்சாக ஆடுகிறான். எனக்கு இந்த இரண்டாவது நடனம்தான் நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் அதை நானும் இப்போது இதை எழுதிக்கொண்டே செய்துகொண்டிருக்கிறேன்.

திருமாலிடமிருந்து இந்த மூர்த்தி இந்திரனிடம் போனது. அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணை நின்ற முசுகுந்தச் சக்கரவர்த்தி, கைம்மாறாக அதைக் கேட்டார். முசுகுந்தருக்குக் குரங்கு முகம், முற்பிறவியில் வில்வ மரத்தில் உட்கார்ந்து இலையைப் பறித்துச் சிவன்மேல் போட்டுக்கொண்டே இருந்த குரங்கு அவர். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதேபோல ஆறு உருவம் செய்து ஏழையும் வரிசையாக வைத்து "உன்னுடையதை எடுத்துக்கொள்" என்றான். முசுகுந்தர் சரியானதைக் காட்டிவிட்டார், வெட்கப்பட்ட இந்திரன் ஏழையும் கொடுத்துவிட்டான். திருவாரூரில் ஒன்று, மற்ற ஆறும் திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி என்கிற திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு விதமான நடனம். நாகையில் கடலலைபோல, திருக்காறாயிலில் சேவல்போல, குவளையில் வண்டுபோல. டெல்டாவின் கிழக்கு மூலை முழுக்க இவர்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.

கோயிலுக்குள் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் இந்தக் கதை முழுவதையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் சகசி காலத்து ஓவியம், 17ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். வரைந்தவர் பெயர் சிங்காதனம், அந்தப் பெயரும் அங்கேயே இருக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் இந்திரலோகம் இருக்கும், போர் இருக்கும், அதையெல்லாம்விட ஊர்வலம் இருக்கும். கொடி பிடிப்பவர்கள், வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை. நான் வெளியே தெருவில் பார்த்துவிட்டு வந்த கூட்டமே முந்நூறு வருடத்துக்கு முந்தைய உடையில் கூரையில் நிற்பதுபோல இருந்தது. மழைநீரும் காலமும் தின்றது போக மிச்சம் இருப்பதுதான் இது. போகிறவர்கள் தயவுசெய்து ஐந்து நிமிடமாவது அண்ணாந்து பாருங்கள், சுவரில் சாயாமல், கையால் தொடாமல்.

இந்தக் கோயில் எவ்வளவு பழசு? 7ஆம் நூற்றாண்டில் அப்பரே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். ஒரு பதிகம் முழுக்க இதே கேள்விதான். நீ உமையோடு சேர்வதற்கு முன்னோ பின்னோ, "திருவாரூர் கோயிலாக் கொண்ட நாளே" என்று. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழங்கதையைச் சொல்லி, அதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டுக்கொண்டே போகிறார். அவர் காலத்திலேயே தொடக்கம் தெரியாத அளவுக்குப் பழசாகியிருந்த கோயில் இது. அதே அப்பர்தான் திருப்புகலூரில் சம்பந்தரிடம் ஆரூர்த் திருவாதிரை விழா எப்படி இருந்தது என்று பாடிச் சொல்கிறார். முத்து விதானம், பொன் கவரி, பக்தர்களும் பெண்களும் சூழ்ந்து வர, பின்னாலேயே வெண்தலை மாலை, அதாவது மண்டையோட்டு மாலை போட்ட விரதிகள். ஆழித்தேரையும் அவர் பாடியிருக்கிறார். அப்போதும் தெருதான் காட்சி.

கல்லில் எழுதிய வரலாறு சோழர்களிடமிருந்து கிடைக்கிறது. கோயிலுக்குள்ளேயே இருக்கும் அரநெறிக் கோயிலைக் கற்றளியாக்கியவர், அதாவது கல்லால் கட்டியவர், சோழ அரசி செம்பியன் மாதேவி. முதலாம் ராஜேந்திரன் காலத்தில், அவனுடைய அனுக்கியார், அதாவது அன்புக்குரியவர், பரவை நங்கையார் வீதிவிடங்கர் கோயிலைக் கல்லால் எடுப்பித்துப் பொன் வேய்ந்தார். அந்தக் கல்வெட்டில் ஒரு குத்துவிளக்கு வருகிறது. ராஜேந்திர சோழரும் பரவை நங்கையாரும் வந்து நிற்கும் இடம் தெரிவதற்காக வைத்த விளக்கு என்று சொல்லியிருக்கிறது. கங்கை வரைக்கும் படை அனுப்பிய ராஜா, கடல் தாண்டிக் கடாரம் வென்ற ராஜா. அவனும் அந்தப் பெண்ணும் ஒன்றாக நின்று சாமி கும்பிட்ட இடம், அதற்கு ஒரு விளக்கு. வரலாற்றுப் புத்தகத்தில் படித்த எந்தப் போரும் எனக்குள் இவ்வளவு நேரம் தங்கியதில்லை.

அப்புறம் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. 12ஆம் நூற்றாண்டு. அதில் வீதிவிடங்கரே பேசுவதுபோல எழுதியிருக்கிறார்கள். கன்றைத் தேர்க்காலில் இட்ட மகனைத் தானும் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையை, பெரிய புராணத்தில் நாம் படிக்கிற அந்தக் கதையை, சாமியே தன் வாயால் சொல்கிறார். அந்தக் கதையும் நடந்தது இந்த ஊர் வீதியில்தான். கோயிலுக்கு வெளியே கல்லில் தேர் செதுக்கி, சக்கரத்துக்குக் கீழே கன்றும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆழித்தேர் பார்க்க வருகிறவர்கள் பலர் அதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். தேர் என்றாலே திருவிழா மட்டும் நினைவுக்கு வருகிற நமக்கு, அதன் சக்கரம் யார்மேல் ஏறுகிறது என்று பார்க்கச் சொல்கிற கல் அது.

பாட்டி சொன்ன வரிக்கு வருகிறேன். எனக்கு அது விளங்கியது நமிநந்தியடிகள் கதையில். நாயன்மார்களில் ஒருவர், ஏமப்பேறூர்க்காரர். ஆரூர்க் கோயிலில் விளக்கேற்ற நெய் கேட்டுப் போனபோது, "கையிலே நெருப்பு ஏந்திய சாமிக்கு விளக்கு எதற்கு, தண்ணீரை ஊற்றி ஏற்று" என்று கேலி செய்தார்கள். குளத்து நீரை எடுத்து ஊற்றி ஏற்றினார், எரிந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை இதுவரைதான். இதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பெரிது. ஒரு பங்குனி உத்திரத்தில் வீதிவிடங்கர் மணலிக்கு எழுந்தருளினார். ஊரே உடன் போயிற்று, எல்லாச் சாதியும் கலந்து. நமிநந்தியும் கூட்டத்தோடு போய்விட்டு ராத்திரி வீடு திரும்பினார். கூட்டத்தில் எல்லோரோடும் கலந்துவிட்டதால் தீட்டு என்று எண்ணி, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, குளித்துவிட்டுத்தான் பூசை செய்வேன், தண்ணீர் கொண்டு வா என்று மனைவியிடம் சொன்னார். அதற்குள் அசதியில் கண்ணயர்ந்துவிட்டார். கனவில் சாமி வந்து, ஆரூரில் பிறந்தவர் எல்லோரும் நம் கணங்கள், நீயே பார்ப்பாய் என்றார். விடிந்ததும் ஓடினார். தெருவில் போகிற ஒவ்வொருவரும் சிவமாகவே தெரிந்தார்கள். தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து பார்த்தால் மறுபடி பழைய மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் "பிறக்க முக்தி" என்பது அங்கே பிறந்தவருக்குக் கொடுத்த சலுகையாக எனக்குப் படவில்லை. அவர்களைப் பார்க்கிறவருக்குக் கொடுத்த பாடமாகத்தான் படுகிறது. கோயில் வாசலில் பூக்கட்டுகிறவரையும் முட்டுக்கட்டை போடுகிறவரையும் எப்படிப் பார்ப்பது என்று நமிநந்திக்கு ஒரு காலைநேரம் சொல்லிக்கொடுத்தார்கள். சுந்தரரும் இதைத்தான் பாடினார். தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, அவர்களை வணங்காமல் நேரே சாமியிடம் போன சுந்தரரைப் பார்த்து விறன்மிண்டர் என்கிற அடியார் கோபப்பட்டார். அவனும் புறகு, அவனை ஆண்டவனும் புறகு என்று சிவனையும் சேர்த்துத் தள்ளிவைத்தார். அங்கே பிறந்தது, அடியார்களை வரிசையாகச் சொல்லி வணங்குகிற திருத்தொண்டத்தொகை. "தில்லைவாழ் அந்தணர்" என்று சிவனே முதலடி எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். அதை வைத்து நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடினார், அதை விரித்துச் சேக்கிழார் பெரிய புராணம் செய்தார். அந்தத் தொகையிலே ஒரு வரி: "திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்." எல்லார்க்கும் என்கிறார். இன்னார் என்று பிரிக்கவில்லை.

சுந்தரரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டு இங்கே கமலாலயக் குளத்தில் எடுத்தார், ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அவர்தான். அவர் மனைவி பரவை கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியபோது அவருக்காக நடுராத்திரியில் சாமியே தூது நடந்தார், ஒருமுறை போய்ப் பலிக்காமல் மறுமுறையும். பார்வை போய்த் திரும்பி வந்தபோது ஒரு கண்ணே கிடைத்திருக்க, மீதிக் கண்ணுக்காக இங்கே வந்து "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். எங்களை இப்படி வைத்துவிட்டு நீர் மட்டும் நன்றாக இரும் என்கிற தொனி. சொந்த வீட்டுப் பெரியவரிடம் சண்டை போடுகிற உரிமை. அந்தச் சண்டைக்குப் பிறகுதான் இன்னொரு கண் வந்தது.

கமலாலயக் கரையில் உட்கார்ந்தால் எனக்கு நினைவு வருவது தண்டியடிகள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள், எதிர்க்கரையில் நிற்பவர் முகம் தெரியாது. நடுவில் தீவுபோல ஒரு சிறு கோயில். அந்தக் காலத்தில் தூர்ந்துகொண்டிருந்த குளத்தைத் தோண்ட முன்வந்தவர் பார்வையில்லாத தண்டியடிகள். குழிக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இடையில் ஒரு கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். தேர்வடத்தில் கை வைத்த அன்று சாயங்காலம் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தியாகராஜ சுவாமிகள், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் இந்த ஊரில்தான் பிறந்தார்கள், சில வருட இடைவெளியில். தீட்சிதர் இங்கே யோகத்தில் அமர்ந்திருக்கும் கமலாம்பாளுக்கு நவாவரணக் கீர்த்தனைகள் செய்தார். இதையெல்லாம் இசை தெரிந்தவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சாயங்காலப் பூசையான சாயரட்சை மட்டும். தேவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் அங்கே வந்துவிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. ஐந்து முகம் உள்ள அந்தப் பெரிய முழவு, பஞ்சமுக வாத்தியம், ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு குரலில் பேசும். பாரி நாயனம் என்கிற தனி நாகஸ்வரமும் இந்தக் கோயிலுக்கே உரியது. தலைமுறை தலைமுறையாக இதை வாசிக்கிற குடும்பங்களை நம்பித்தான் அந்த ஓசை உயிரோடு இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு வேறு வேலை தேடிப் போக எல்லா நியாயமும் இருந்தும் போகாதவர்கள். அவர்களுக்கு இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

சென்ற மார்கழியில் பாத தரிசனத்துக்குப் போனேன். விடிவதற்கு முன்பே வரிசை நீண்டுவிட்டது. பனி, ஈரக்கல், யாரோ ஒருவர் தேவாரத்தை மெதுவாக ஆரம்பிக்க வரிசையில் இருந்த நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். என் முறை வந்தபோது கிடைத்தது மூன்று நான்கு நொடிதான். பூக்களுக்கு நடுவே ஒரு பாதம். நினைத்து வைத்திருந்த பிரார்த்தனை ஒன்றும் ஞாபகம் வரவில்லை, பாட்டியின் முகம்தான் வந்தது. நகரச் சொன்னார்கள், நகர்ந்தேன்.

எனக்கு முன்னால் அப்பாவின் தோளில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் குனிந்து அப்பாவின் காதில் கேட்டான்.

"அப்பா, இன்னொரு கால் எங்க?"

"அதுக்குப் பங்குனிக்கு வரணும்டா."

"பங்குனி எப்ப?"

அப்பா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். தை, மாசி...